ஃபெர்டிஅப், கார்டு மீடியம், ஹைபர்ஓவா: எதைக் காசு கொடுத்து வாங்கலாம், எதைக் கையால் கலக்கலாம்

மரபணு மாற்றிய சுண்டெலி இனங்களை உறைவிந்தாகச் சேமிக்கும் ஆய்வகங்களில் ‘கார்டு முறை’ என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கு வள மையத்துக்குத்தான் கார்டு என்று பெயர். அங்கே நவோமி நககாட்டா, தோரு தகியோ ஆகியோரின் குழு உருவாக்கிய கரைசல்களை க்யூடோ நிறுவனம் புட்டியில் அடைத்து விற்கிறது. மொத்தம் நான்கு சரக்கு: விந்தணுவை உறையவைக்கும் ஃபெர்டிஅப் பாதுகாப்புக் கரைசல், உருக்கிய விந்தணுவை ஊறவைக்கும் ஃபெர்டிஅப் பி.எம்., கருவுறுதல் நடக்கும் கார்டு மீடியம், முட்டை எண்ணிக்கையைப் பெருக்கும் ஊசிமருந்தான ஹைபர்ஓவா.

நான்கையும் ஒரே ஆர்டரில் வாங்குகிறவர்கள் உண்டு. அதற்கு அவசியமில்லை. முதலாவதைச் சமையலறைப் பக்குவத்தில் நாமே செய்துகொள்ளலாம். நடுவில் உள்ள இரண்டும் கொடுக்கிற காசுக்குத் தகுந்தவை. நான்காவது எலியின் வயதைப் பொறுத்தது.

இத்தனை கரைசலுக்கும் காரணம் சி57பிஎல்/6 என்னும் கறுப்பெலி. உலகில் மரபணு நீக்கிய இனங்களில் பெரும்பாலானவை இதன் பின்னணியில்தான் இருக்கின்றன. ஆனால் உறைந்து உருகிய பிறகு மோசமாக நடந்துகொள்வதும் இதன் விந்தணுதான். 1990 வாக்கில் ராஃபினோஸ் சர்க்கரையும் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் சேர்ந்த கரைசல் வந்து மற்ற இனங்களில் நன்றாக வேலை செய்தபோதும், கறுப்பெலியில் கருவுறும் முட்டைகள் நூற்றுக்கு இருபதைத் தாண்டுவது அரிதாகவே இருந்தது. விந்தணு நீந்தும், ஆனால் முட்டையின் மேலுறையான ஜோனாவைத் துளைக்காது. கோளாறு பெரும்பாலும் உருக்கிய பிறகு நடக்கும் காரியங்களில் இருக்கிறது என்பதைத் தகியோ குழு 2008-இலும் 2011-இலும் வெளியிட்ட கட்டுரைகள் காட்டின. இந்த வரலாறு தெரிந்தால், பர்ஸை எங்கே திறக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பாதுகாப்புக் கரைசல்

புட்டிக்குள் இருப்பது ரகசியம் ஒன்றுமில்லை. ராஃபினோஸ் 18 விழுக்காடு, பால்பொடி 3 விழுக்காடு, எல்-குளூட்டமின் 100 மில்லிமோலார். 10 மில்லி செய்ய ராஃபினோஸ் 1.8 கிராம், பால்பொடி 0.3 கிராம், குளூட்டமின் 0.146 கிராம் வேண்டும். தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி ராஃபினோஸை முதலில் கரைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் அது அடியில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு பால்பொடி. அதன் பின் 10,000 ஜி வேகத்துக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் சுழற்றி, மேலே தெளியும் பகுதியை மட்டும் எடுத்து வடிகட்டி, சிறு குழாய்களில் பிரித்து வைக்க வேண்டும். சுழற்றாமல் வடிகட்டப் போனால் ஃபில்டர் இரண்டாவது மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும். தெளியாத கரைசலில் மிதக்கும் பால் துகள்கள் மைக்ரோஸ்கோப்பில் விந்தணுவை மறைத்து எரிச்சலூட்டும்.

இங்கே செய்யக்கூடிய பெரிய தவறு ஒன்றுதான். செய்முறையில் சொல்லும் 18 விழுக்காடு, ஐந்து நீர் மூலக்கூறு ஒட்டிய பென்டாஹைட்ரேட் ராஃபினோஸுக்கு உரியது. அதன்படி கரைசல் ஏறத்தாழ 0.3 மோலார். நீரற்ற வகையை அதே 1.8 கிராம் போட்டால் 0.36 மோலார் ஆகிவிடும். சுண்டெலி விந்தணு உப்பு, சர்க்கரைச் செறிவின் ஏற்ற இறக்கத்தை அவ்வளவாகத் தாங்காது. டப்பா மேலுள்ள மூலக்கூற்று எடையைப் பார்த்தால் போதும்: 594 என்றால் சரி, 504 என்றால் கணக்கை மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் பார் ஹார்பரின் ஜாக்சன் ஆய்வகம் குளூட்டமினுக்குப் பதில் 477 மைக்ரோமோலார் மோனோதயோகிளிசரால் சேர்க்கிறது. அதுவும் நல்ல கரைசல். தேன்போல் வழியும் அந்தத் திரவத்தை மைக்ரோபிப்பெட்டில் அளப்பதுதான் பாடு. எடை போட்டு எடுப்பது நல்லது. ஜாக்சன் கரைசலில் உறைந்த ஸ்ட்ராக்களையும் (விந்து அடைத்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள்) பி.எம்., கார்டு மீடியம் வழியே கருவுறச் செய்யலாம். அதனால் ஏற்கெனவே நைட்ரஜன் டாங்கில் பழைய ஸ்ட்ரா நிறைய வைத்திருப்பவர்களுக்குப் புதுக் கரைசல் வாங்கக் காரணமே இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று இனம் மட்டும் உறையவைக்கும் சிறிய இடங்கள் புட்டியாக வாங்கினால் சரி. மாதாமாதம் செய்கிறவர்கள் கலந்துகொள்ளட்டும்.

கரைசலைவிட முக்கியம் ஆண் எலி. வயது 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பெண்ணோடு விட்டிருந்தால் குறைந்தது 3 நாளாவது தனியே வைக்க வேண்டும். விந்தணு சேர்ந்து நிற்கும் குழலான எபிடிடிமிஸின் வால்பகுதி இரண்டையும் எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் இரத்தத்தையும் வடிதாளில் ஒற்றியெடுத்த பிறகே கரைசலில் போட வேண்டும். கத்தரியால் ஐந்தாறு வெட்டு, 37 டிகிரியில் 3 நிமிடம், நிமிடத்துக்கு ஒரு தரம் மெல்லச் சுழற்றல், அவ்வளவே. செறிந்த சர்க்கரைக்குள் விந்தணுவின் அசைவு மந்தமாகத்தான் தெரியும். புதியவர்கள் அதைப் பார்த்து எலியே மோசம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு துளியை எச்.டி.எஃப். என்னும் வழக்கமான வளர்ப்புக் கரைசலில் விட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். குறுகிய நுனிப் பிப்பெட்டால் மேலும் கீழும் உறிஞ்சுவதும் கூடாது. தலையும் வாலும் பிரிந்துவிடும். அகன்ற நுனி வேண்டும், இல்லையென்றால் சாதாரண நுனியை வெட்டிக்கொள்ளலாம்.

கால் மில்லி ஸ்ட்ராவில் முதலில் 100 மைக்ரோலிட்டர் எச்.டி.எஃப்., பிறகு காற்று, பிறகு 10 மைக்ரோலிட்டர் விந்து, மறுபடி காற்று, வாயைச் சூட்டால் அடைப்பு. எச்.டி.எஃப். வெறும் பாரத்துக்கு. பத்து ஸ்ட்ரா அளவில் ஒரு ஆணிடமிருந்து கிடைக்கும். திரவ நைட்ரஜனின் ஆவியில் 10 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு உள்ளே அமிழ்த்த வேண்டும். இதற்கு விலை உயர்ந்த ஃப்ரீஸர் எதுவும் தேவைப்படாது. 50 மில்லி சிரிஞ்சின் கூட்டில் ஸ்ட்ராக்களைச் செருகி, அதன் கழுத்தில் தெர்மோகோல் வளையம் மாட்டி நைட்ரஜன் மேல் மிதக்கவிடுவதுதான் குமமோட்டோவிலும் வழக்கம். வளையத்தின் தடிமனை மாற்றினால் ஸ்ட்ராவுக்கும் திரவத்துக்கும் உள்ள இடைவெளி மாறும், குளிரும் வேகமும் மாறும். ஒருமுறை சரியாக அமைந்த மிதவையைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். ஒரு இனத்துக்கு ஒரு மிதவை என்று ஆளாளுக்குச் செய்தால், பின்னால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

பி.எம்., கார்டு மீடியம்

காசின் அருமை இங்கேதான் தெரியும். பி.எம்.-இல் வேலை செய்வது மீத்தைல்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின். விந்தணுவின் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவி எடுக்கிறது. கொலஸ்ட்ரால் குறைந்த பிறகுதான் முட்டையைக் கருவுறச் செய்யும் தகுதி, அதாவது கெப்பாசிட்டேஷன், விந்தணுவுக்கு வருகிறது. கார்டு மீடியத்தில் இருப்பது குளூட்டதயோன். அது விந்தணுவைத் தொடுவதைவிட முட்டையின் ஜோனாவைத்தான் அதிகம் தொடுகிறது: அதன் புரதங்களைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அவிழ்த்து, மேலுறையைத் தளர்த்துகிறது. ஒன்று ஆளைத் தேற்றுகிறது, மற்றது கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றுகிறது. ஒன்றில்லாமல் மற்றதை மட்டும் வாங்கிச் சிக்கனம் பிடிப்பது பாதிக் கிணறு தாண்டுவது.

செய்முறை. ஸ்ட்ராவை எடுத்து 37 டிகிரி நீரில் 10 நிமிடம் விட வேண்டும். ஜாக்சன் முறையில் பழகியவர்களுக்கு இது நீளமாகத் தோன்றும். அங்கே அரை நிமிடத்தில் வேலை முடியும். நுனியை வெட்டி, 10 மைக்ரோலிட்டர் விந்தை மட்டும் 90 மைக்ரோலிட்டர் பி.எம். சொட்டுக்குள் தள்ள வேண்டும். பின்னால் நிற்கும் எச்.டி.எஃப். கூடவே வந்துவிட்டால் சொட்டு நீர்த்துப்போய்ச் சைக்ளோடெக்ஸ்ட்ரினின் செறிவு பாதியாகிவிடும். முதல்முறை செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 37 டிகிரி, 5 விழுக்காடு கார்பன் டை ஆக்ஸைடில் 30 நிமிடம். டீ குடிக்கப் போய் ஒரு மணி நேரம் ஆக்கிவிடக் கூடாது. உருகிய விந்தணுவின் ஆயுள் குறைவு, தகுதி வந்த பிறகு இன்னும் குறைவு.

இதே நேரத்தில் முட்டைகள் கார்டு மீடியச் சொட்டில் காத்திருக்க வேண்டும். 30 முதல் 60 நிமிடம் முன்னதாகவே போட்டால்தான் குளூட்டதயோன் ஜோனாவில் வேலை செய்திருக்கும். ஆக, விந்தணு உருகத் தொடங்குவதற்கும் எலியின் கருக்குழாயைக் கிழித்து முட்டை எடுப்பதற்கும் நேரத்தைக் கோத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இருந்தால் சுலபம். தனி ஆளாகச் செய்கிறவர்கள், ஸ்ட்ரா வாட்டர் பாத்தில் இருக்கும் 10 நிமிடத்துக்குள் முட்டைகளை எடுத்து முடிக்கப் பழகிக்கொள்ளலாம்.

பி.எம். சொட்டிலிருந்து விந்தணு எடுக்கும்போது நடுவில் தொடாதீர்கள். செத்தவை நடுவில் மண்டிக் கிடக்கும், நீந்துகிறவை ஓரத்துக்கு வந்திருக்கும். ஓரத்திலிருந்து 10 மைக்ரோலிட்டரை முட்டைச் சொட்டில் சேர்க்க வேண்டும். 3 மணி நேரத்துக்குப் பிறகு முட்டைகளை எச்.டி.எஃப். சொட்டுகளில் மூன்று தரம் அலச வேண்டும். இந்த அலசலைச் சோம்பலில் ஒன்றாகக் குறைப்பவர்கள் உண்டு. ஜோனா தளர்ந்திருப்பதால் முட்டைகள் வழக்கத்தைவிட மெத்தென்று இருக்கும்; வாய்ப்பிப்பெட்டின் நுனி ஒரு சுற்று அகலமாக இருந்தால் நல்லது.

விந்து சேர்த்து 6 மணி நேரம் கழித்து ஒரு பார்வை அவசியம். ஒரே ஒரு புரோநியூக்ளியஸ் (முட்டையிலிருந்தோ விந்தணுவிலிருந்தோ வரும் உட்கரு) மட்டும் தெரியும் முட்டை விந்தணு புகாமல் தானாகவே விழித்துக்கொண்டது. அதை அப்போதே விலக்காவிட்டால் மறுநாள் அதுவும் இரண்டு செல்லாகப் பிரிந்து நின்று கணக்கை ஏமாற்றும். ‘எண்பது விழுக்காடு கருவுற்றது, குட்டி மட்டும் வரவில்லை’ என்ற புலம்பல்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இதையும் வீட்டில் கலக்க முடியாதா? முடியும். டி.ஒய்.எச். என்னும் வளர்ப்புக் கரைசலில் ஆல்புமின் புரதத்தை எடுத்துவிட்டு, பாலிவைனைல் ஆல்கஹால் மில்லிக்கு 1 மில்லிகிராம், சைக்ளோடெக்ஸ்ட்ரின் 0.75 மில்லிமோலார், அதாவது மில்லிக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் சேர்த்தால் ஊறவைக்கும் கரைசல் தயார். கால்சியத்தை 5.14 மில்லிமோலாருக்கு ஏற்றிய எச்.டி.எஃப்.-இல் குளூட்டதயோன் 1 மில்லிமோலார், மில்லிக்கு 0.307 மில்லிகிராம், போட்டால் கருவுறும் கரைசல். கட்டுரைகளில் எல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது.

ஆனாலும் இதை வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறையவைக்கும் கரைசல் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். கருவுறும் கரைசல் பொறுக்காது. தண்ணீரில் கிடக்கும் பாக்டீரிய நச்சான எண்டோடாக்ஸின், ஆல்புமினின் லாட் வேறுபாடு, பாதி கரைந்த பாலிவைனைல் ஆல்கஹால், சொட்டை மூடும், பெராக்ஸைடு ஏறிய பழைய பாரஃபின் எண்ணெய் என்று எது வேண்டுமானாலும் கருவைக் கொல்லும். எது கொன்றது என்று கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். உறைவிந்து கையிருப்பு நாற்பது ஸ்ட்ராதான் என்னும்போது, ஒவ்வொரு தோல்வியும் திரும்ப வராத ஸ்ட்ரா. புட்டி வாங்கினால் ஒரு மாறியாவது குறைகிறது. எண்ணெயும் தண்ணீரும் அப்போதும் நம் பொறுப்புதான்.

புட்டியிலும் குறை இல்லாமலில்லை. குளூட்டதயோன் கரைசலில் நெடுநேரம் நிற்காது, ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். அதனால் கார்டு மீடியம் சொட்டுகளை அன்றன்றைக்குத்தான் போட வேண்டும், முந்தைய இரவே போட்டு இன்குபேட்டரில் வைக்கும் பழக்கம் உதவாது. திறந்த புட்டியில் மிச்சம் வைத்து அடுத்த வாரம் ஓட்டுவதும் அதே கதை. ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் குளிர்ச் சரக்காக வந்து சேர வேண்டும் என்பது கூடுதல் தலைவலி. ஐ.வி.எஃப். நாளைக் குறித்துவிட்டுப் புட்டி ஆர்டர் செய்யாமல், புட்டி கைக்கு வந்த பிறகு பெண் எலிகளுக்கு ஊசி போடும் நாளைக் குறியுங்கள்.

ஹைபர்ஓவா

வழக்கமான முறையில் முட்டைகளை வளர்க்கும் ஹார்மோனான குதிரைக் கோனடோட்ரோபின் 5 யூனிட் ஊசி, 48 மணி நேரம் கழித்து முட்டைகளை வெளியேற்றும் ஹார்மோனான எச்.சி.ஜி. 7.5 யூனிட், அதிலிருந்து 15 முதல் 17 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. கறுப்பெலி ஒன்றுக்கு 25 முட்டை அளவில் தேறும். ஹைபர்ஓவா அந்த முதல் ஊசிக்குப் பதிலாக வருகிறது. அதில் குதிரைக் கோனடோட்ரோபினோடு இன்ஹிபினுக்கு எதிரான சீரமும் கலந்திருக்கிறது. இன்ஹிபின் என்பது பிட்யூட்டரி சுரப்பியிடம் ‘போதும், எஃப்.எஸ்.எச். (முட்டைப்பைகளை வளர்க்கும் ஹார்மோன்) சுரக்காதே’ என்று சொல்லும் ஹார்மோன். அந்த வாயை அடைத்துவிட்டால் எஃப்.எஸ்.எச். ஏறும், வளர்ந்தும் வளராமலும் நிற்கும் ஃபாலிக்கிள்கள் (முட்டைப்பைகள்) கூடுதலாகக் கரை சேரும். 2015-இல் வெளியான ஆய்வில் ஒரு எலிக்கு 100-க்கு மேல் முட்டை கிடைத்தது.

அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். அது 4 வார வயதுக் கறுப்பெலியின் எண். 26 முதல் 30 நாள் வயதுக்குள் 0.2 மில்லி ஊசி போட்டால்தான் அந்த அறுவடை. 10 வார எலிக்குப் போட்டுவிட்டு மருந்து பொய் என்று எழுதுவது நியாயமில்லை. வேறு இனங்களில் பலன் வேறுபடும், நான்கைந்து எலியில் சோதித்துவிட்டுத்தான் பெரிய ஆர்டர் போட வேண்டும். ஒரு எலிக்கு 0.2 மில்லி என்றால் ஒரு மில்லிக்கு ஐந்தே எலி. கணக்கு இப்படிப் போகும்: பெண் எலிகள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் இடத்தில் பழைய ஊசியே லாபம். முட்டை தரும் பெண்ணும் மரபணு மாற்றிய அரிய இனமாக இருந்தாலோ, கூண்டு இடம் குறைவாக இருந்தாலோ ஹைபர்ஓவா தன் விலையை மீட்டுத் தரும். விலங்கு நலக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போதும் நான்கு எலியின் வேலையை ஓர் எலி செய்வது பேசும் காரணம்தான்.

இன்னொன்று, சொட்டுக் கணக்கு. பழைய ஊசிக்குப் பழகிய கை ஒரே சொட்டில் நான்கு எலியின் க்யூமுலஸ் மூட்டைகளை, அதாவது செல்கள் சூழ்ந்த முட்டைத் திரள்களைப் போடும். ஹைபர்ஓவாவில் அப்படிப் போட்டால் நானூறு முட்டை ஒரே சொட்டில் நெருக்கியடித்து நிற்கும், பத்து மைக்ரோலிட்டர் உறைவிந்து அதற்குக் காணாது. ஒரு சொட்டுக்கு ஒரு எலி, மிஞ்சினால் இரண்டு.

புட்டியால் ஆகாத காரியம்

விந்தணுவில் பாதி மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம் உள்ள இனத்துக்கு அதில் குறையொன்றுமில்லை. மூன்று மரபணுவிலும் இரண்டு நகலும் மாறிய இனத்தை விந்தாக மட்டும் உறையவைத்து, சாதாரண முட்டையில் மீட்டால், பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் மூன்றிலும் ஒரு நகல் மட்டுமே மாறியிருக்கும். அவற்றைத் தங்களுக்குள் இணைசேர்த்தால், மூன்றும் வேறு வேறு குரோமோசோமில் இருக்கும் பட்சத்தில், 64-இல் ஒரு குட்டிதான் நாம் தொலைத்த இனம். இப்படிப்பட்ட இனத்துக்கு உறைகருதான் வழி.

அதற்கும் குமமோட்டோ முறை எளிது. இரண்டு செல் கருக்களை உறைகாப்புத் திரவமான 1 மோலார் டி.எம்.எஸ்.ஓ. 5 மைக்ரோலிட்டரோடு கிரையோ குழாயில் இட்டு, 0 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, டி.ஏ.பி.213 என்னும் செறிந்த உறைகாப்புக் கரைசல் 45 மைக்ரோலிட்டர் சேர்த்து, இன்னும் 5 நிமிடம் அங்கேயே வைத்து, நேரே நைட்ரஜனில் போட வேண்டியதுதான். மீட்கும்போது குழாய்க்குள் புகுந்த நைட்ரஜனைக் கொட்டிவிட்டு, அரை நிமிடம் நிறுத்தி, 37 டிகிரிக்குச் சூடாக்கிய கால் மோலார் சுக்ரோஸ் 900 மைக்ரோலிட்டரை ஒரேயடியாக ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் இடையில் பனிப்படிகம் கட்டிக் கரு கிழியும். நைட்ரஜன் புகுந்த குழாய் சூடேறும்போது வெடிக்கும், முகக்கவசம் இல்லாமல் அருகில் போகாதீர்கள்.

முட்டை யாரிடமிருந்து என்பதையும் கவனிக்க வேண்டும். கறுப்பெலியில் ஜே, என் என இரு கிளைகள் உண்டு. சி57பிஎல்/6ஜே எலிக்கு இன்சுலின் சுரப்போடு தொடர்புள்ள என்.என்.டி. மரபணுவில் ஒரு துண்டு இல்லை. சி57பிஎல்/6என் எலிக்குக் கண்ணைப் பாதிக்கும் ஆர்.டி.8 மாற்றம் இருக்கிறது. ஜே விந்தை என் முட்டையில் மீட்டால் இரண்டும் கலந்த புதுப் பின்னணி பிறக்கும். சர்க்கரை நோய், விழித்திரை ஆய்வு செய்கிறவர்களுக்கு அது நேரடிச் சேதம். ஸ்ட்ராவின் லேபிளில் ‘பி6’ என்று மட்டும் எழுதியிருந்தால், பத்து வருடம் கழித்து எடுக்கிறவர் எதை நம்புவார்?

உறையவைத்த அதே வாரத்தில் ஒரு ஸ்ட்ராவை உருக்கி, இரண்டு செல் வரை பார்த்து, முடிந்தால் போலிக்கர்ப்பம் தரித்த ஐ.சி.ஆர். இனப் பெண் எலியில் வைத்துக் குட்டியின் மரபணுவையும் சோதித்துவிட வேண்டும். கூண்டுகளைக் காலி செய்யும் உத்தரவு அதற்குப் பிறகுதான். மீதி ஸ்ட்ராக்களில் பாதி ஒரு டாங்கில், பாதி வேறு கட்டடத்தில் உள்ள இன்னொரு டாங்கில். ஒரு டாங்கிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது ஸ்ட்ராவை விரலில் பிடித்துக்கொண்டு பெயரைப் படிக்காதீர்கள். 10 மைக்ரோலிட்டர் சில நொடிகளிலேயே சூடேறிவிடும். கேனிஸ்டரை நைட்ரஜனுக்குள் வைத்தபடியே, இடுக்கியால் பிடித்து, மேலே எட்டிப் பார்க்கும் நுனியில் படிக்கும்படி லேபிளை எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.